தாமே செய்வதா, செய்விப்பதா?

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குத் தமிழ் கற்பித்த நாள்களில், தன்வினை பிறவினைப் பாடத்தை நாம் வீட்டு வேலைகளைக் கொண்டே தொடங்குவது வழக்கம். வீடு கட்டினாள், வீடு கட்டுவித்தாள். களை பறித்தாள், களை பறிப்பித்தாள். கட்டுவித்தவள் கையில் சுண்ணாம்பு படவில்லை, ஆயினும் வீடு யாருடையது என்று வினவுவோம். வகுப்பு முழுதும் ஒரே குரலில் விடை சொல்லும். அவ்வினாவை இணையத்தைக் குறித்தும் ஒருநாள் கேட்க நேரும் என்று அப்போது நாம் எண்ணவில்லை.

நம் இதழின் வாசகருள் கடை வைத்திருப்போர், ஆலை நடத்துவோர், வீட்டிலிருந்தே அப்பளமும் பொடிவகைகளும் செய்து விற்கும் பெண்டிர் எனப் பலர் உளர். இவர்கள் எல்லாரையும் இன்று ஒரு வினா வந்தடைகிறது. தொழிலுக்கென ஒரு வலைத்தளம் வேண்டுமெனில், அதைத் தாமே அமைத்துக்கொள்வதா, கூலி கொடுத்துப் பிறரைக் கொண்டு அமைப்பிப்பதா என்பதே அது. கணிப்பொறி கற்றோர் இதற்கு ஒரு விடை சொல்வர். கணிப்பொறியைக் கண்டு அஞ்சுவோர் வேறு விடை சொல்வர். நாம் இருசாராரையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நமக்கு நேரில் தெரிந்த ஒரு கடையைப் பாடமாகக் கொள்வோம்.

நம் தம்பியின் மகன், நமக்கு மருகன் முறை, குற்றாலத்தில் ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில் கடை வைத்திருக்கிறார். கீழே ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு, மிளகு. பருவத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும். மாடியில் விருந்தினர் தங்க நான்கு அறைகள். பேரருவியிலிருந்து ஐந்தருவி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் என்பதால், கூட்டம் குறைந்த இடத்தை நாடும் குடும்பங்கள் இப்பக்கம் வருகின்றன. கழுகுமலையைத் தரிசித்துவிட்டு வரும் நம்மவர் சிலரும் அங்கே தங்குவதுண்டு. கதிரவன் மறையுமுன் உணவு கிடைக்கும், கிழங்குகளின்றிச் சமைத்துத் தருவர் என்பது அவர்கள் வாய்மொழியாய் அறிந்தது. குற்றாலத்துக் கடைகளில் மலைத்தேன் இல்லாத கடை அரிது. மருகனின் கடையில் அது இல்லை. அதன் காரணத்தை நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டு, சாரல் ஓய்ந்த பின், வெளியூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பத்தே நாளில் வலைத்தளம் அமைத்துத் தருவதாகவும், இரண்டு ஆண்டுக்கு ஒரு தொல்லையும் இராது என்றும் சொன்னார். மருகன் 18,000 ரூபாய் கொடுத்தார். சொன்னபடியே பத்து நாளில் தளம் வந்தது. பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆனால் முகப்பில் பொன்னிறத்தில் ஒரு தேன்புட்டி. அதன் கீழ் சுத்தமான மலைத்தேன் கிடைக்கும் என்னும் வரி. வேறொரு கடைக்குச் செய்த பக்கத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். இரவு 11 மணி வரை உணவு என்றும், ஆண்டு முழுதும் அருவிக் குளியல் என்றும் எழுதியிருந்தது. மாற்றித் தருமாறு கேட்டதற்கு, அடுத்த வாரம் என்றார். பின்னர் அடுத்த மாதம். அதன்பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

தேன்புட்டியைக் கண்டு நம்மவர் சிலர் வருத்தத்தோடு விசாரித்ததுகூடப் பெரிதன்று. 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரெனக் காட்டு வெள்ளம் பாய்ந்தது. ஒரு சிறுவன் உயிரிழந்தான். பிற அருவிகளிலும் குளிக்கத் தடை விதிக்கப்பட்டது. அந்நாள்களிலும் மருகனின் தளம் ஆண்டு முழுதும் குளிக்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி, வயது முதிர்ந்த தாயாரையும் அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அவர்கள் கடிந்து பேசவில்லை. 'உங்கள் பக்கத்தைப் பார்த்துத்தானே வந்தோம்' என்று மட்டும் சொன்னார்களாம். மருகன் அன்றிரவு நம்மை அழைத்து, 'அத்தை, நம் பெயரில் இருக்கும் ஒரு பொய்யை அழிக்க நமக்கே வழியில்லை' என்றார். அவர் குரல் நம் நெஞ்சைவிட்டு இன்னும் அகலவில்லை.

வழியில்லாமற் போனது எதனால்? இதை விளங்கிக்கொள்ள, வலைத்தளம் என்பது மூன்று பொருள்களின் சேர்க்கை என்று அறிய வேண்டும்.

முதலாவது, பெயர். டொமைன் என்பர். இதனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் பதிந்து வைத்துக்கொள்கிறோம், அவ்வளவே. உலகப் பெயர்களின் ஒழுங்கை 1998இல் தோன்றிய ஐகேன் என்னும் அமைப்பும், இந்தியாவுக்குரிய 'டாட் இன்' பெயர்களின் பதிவேட்டை நிக்ஸி என்னும் நிறுவனமும் பேணுகின்றன. நாம் அவற்றிடம் நேரே செல்வதில்லை. பதிவாளர் எனப்படும் வணிக நிறுவனங்களின் வழியே பதிகிறோம். முதலாண்டுக் கட்டணம் மலிவாகவும் புதுப்பிக்கும் கட்டணம் கூடுதலாகவும் இருப்பது இவ்வணிகத்தின் வழக்கம், இரண்டையும் கேட்டுக்கொள்க. இரண்டாவது, இடம். ஹோஸ்டிங் என்பது நம் பக்கங்களை இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு கணிப்பொறியில் வைப்பதற்கான வாடகை. மூன்றாவது, பக்கங்கள், எழுத்தும் படமும் அவற்றின் அடுக்கும்.

மருகனின் செய்தியில் மூன்றும் அந்த இளைஞரின் கணக்கிலேயே இருந்தன. பெயர் அவருடைய மின்னஞ்சலில் பதியப்பட்டிருந்தது. இடம் அவர் மொத்தமாய் எடுத்த வாடகையில் ஒரு மூலை. பக்கங்களின் கடவுச்சொல்லும் அவரிடமே. வீட்டைக் கட்டக் கொத்தனாரை அழைத்தோம். பத்திரம் கொத்தனார் பெயரில் பதிவாகிவிட்டது. பதிவாளருக்கு மருகன் எழுதினார். அவர்கள் ஏட்டில் இவர் பெயரே இல்லை. இல்லாதவருக்கு அவர்கள் என்ன செய்ய முடியும்?

ஆகவே, தாமே செய்வதா செய்விப்பதா என்று ஆராயுமுன், எவ்வழியாயினும் மாறாத ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பெயரை நீங்களே, உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் தொலைபேசி எண்ணிலும், உங்கள் பணத்திலேயே பதிவு செய்யுங்கள். கால் மணி நேர வேலை. இரயில் பயணச்சீட்டை இணையத்தில் எடுக்கத் தெரிந்த எவராலும் இயலும். புதுப்பிக்கும் அறிவிப்பு எவருடைய மின்னஞ்சலுக்கு வருகிறதோ அவரே நடைமுறையில் உடைமையாளர். மகன் வெளிநாட்டில் படிக்கையில் தொடங்கி, இன்று திறந்தும் பாராத மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வருந்துவோரும் உண்டு.

இனி முதல் வினாவுக்கு வருவோம். அதற்கு விடை கணிப்பொறியில் இல்லை, கடையின் தொலைபேசியில் இருக்கிறது. நாம் மருகனின் இல்லாளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, இரண்டு வாரம் வரும் அழைப்புகளில் என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதி வரச் சொன்னோம். பயிற்சி மாணவியரை வகுப்பறை உற்றுநோக்கலுக்கு அனுப்பும்போது செய்வதைத்தான் இங்கும் செய்தோம். அருவியில் தண்ணீர் விழுகிறதா? குளிக்க விடுகிறார்களா? அறை காலியா? வண்டி நிறுத்த இடமுண்டா? மாலை உணவு எத்தனை மணிக்கு? மங்குஸ்தான் வந்துவிட்டதா? கிராம்பை அஞ்சலில் அனுப்புவீர்களா? ஏறத்தாழ இவ்வளவே. ஒரே கேள்வி முப்பது முறை வந்திருந்தது, அது தண்ணீரைப் பற்றியது.

இவற்றைப் பிரித்துப் பாருங்கள். வண்டி நிறுத்துமிடமும் உணவு நேரமும் ஆண்டுக்கணக்கில் மாறாதவை. பழத்தின் வரவு பருவத்துக்குப் பருவம் மாறும். தண்ணீரும் தடையும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மலைமேல் பெய்த மழை கீழே தெரியுமுன் வெள்ளமாகிவிடும் ஊர் அது. நாள்தோறும் மாறும் செய்தியைச் சொல்ல வெளியூர் ஆள் ஒருவரை எதிர்பார்த்திருக்க இயலாது. அதைக் கடையில் இருப்பவர்தாம் மாற்ற வேண்டும். என்றோ ஒருமுறை அமைந்து அப்படியே நிற்கும் பகுதியை யார் அமைத்தால் என்ன?

உங்கள் தொழிலில் நாள்தோறும் மாறுவது ஒன்றுமே இல்லையெனில், வலைத்தளமே வேண்டியதில்லை என்பதும் ஒரு விடைதான். அப்பளம் விற்கும் அம்மையாருக்குக் கூகுள் வரைபடத்தில் கடையின் இடமும் நேரமும் எண்ணும் சரியாகப் பதிந்திருந்து, 2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸில் பொருள்பட்டியலும் இருந்தால் போதும். இரண்டும் இலவசம். ஆனால் இவ்விரண்டும் பிறர் திண்ணை. திண்ணையின் உடைமையாளர் ஒழுங்கை மாற்றினால் நாம் எழுந்துபோக வேண்டியதுதான். சிறுதொழிலுக்கு அதனால் பெருங்கேடு விளையாது.

தளம் வேண்டும் என்போர்க்குத் தாமே அமைக்கும் வழி இன்று எளிது. 1993 ஏப்ரல் 30ஆம் நாள், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகம், அங்கே டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வைய விரிவலையை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவாக்கியது. இந்தியப் பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் இணையம் வந்தது. அக்காலத்தில் பக்கம் ஒன்றை அமைக்க அதன் குறிமொழியைக் கற்றே ஆக வேண்டும். 2003இல் தோன்றிய வேர்ட்பிரஸ் அந்நிலையை மாற்றியது. உலகத் தளங்களுள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இன்று அதில்தான் இயங்குகின்றன. அதுவும் கடினமெனில், முன்னமே வெட்டிவைத்த மாதிரிகளில் நம் சொல்லையும் படத்தையும் பதித்துக்கொள்ளும் மாதவாடகைக் கருவிகள் உள்ளன. ஐந்தருவிக்குத் தொலைவில்லாத மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்ட ஜோஹோ நிறுவனமும் அத்தகைய கருவி ஒன்றை வழங்குகிறது.

இவ்விடத்தில் அந்நிறுவனத்தைப் பற்றி ஒரு சொல். 1996இல் வேறு பெயரில் தொடங்கி, ஸ்ரீதர் வேம்புவின் தலைமையில் வளர்ந்தது அது. அதன் வாடிக்கையாளர் சேவை மென்பொருளாகிய ஜோஹோ டெஸ்க், தென்காசி அலுவலகத்தில் உருவானது. பட்டம் பெறாத, மேல்நிலைக் கல்வி முடித்த மாணவரை 2005 முதல் அந்நிறுவனம் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுத்து வருகிறது. ஆசிரியத் தொழிலில் இருந்த நமக்கு இச்செய்தி மிகவும் பிடித்தது. நெல்வயலுக்கு நடுவே அமர்ந்த பிள்ளைகள் உலகுக்கு மென்பொருள் செய்கையில், நான்கு பக்கம் எழுதக் கடைக்காரர் அஞ்சுவானேன்? மருகனின் அண்டைவீட்டார் ஒருவர் மட்டும், பக்கத்து ஊர் நிறுவனம் ஆயிற்றே, சொன்னால் தளத்தை அவர்களே கட்டித் தந்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அவர்கள் தருவது கருவி. ஏர் விற்பவர் உழுது தருவதில்லை.

தாமே அமைப்போர் எதிர்கொள்ளும் இடர்கள் சிலவற்றைக் கூறுவோம். தமிழ் எழுத்தே முதல் இடர். அச்சகத்தில் முன்பு அடித்த துண்டறிக்கையின் வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டினால், பல வேளைகளில் பொருளற்ற குறிகளே தோன்றும். அச்சகங்களிலுள்ள பழைய எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் அமைந்தவை. இணையத்துக்கு யூனிகோடு வேண்டும். தமிழ்நாடு அரசும் 2010இல் அதனைத் தரமாக ஏற்றது. மறுபடியும் தட்டச்சு செய்வதே நேர்வழி. எழுத்தைப் படமாக்கி ஒட்டிவிடுவது வேறொரு பிழை. கண்ணுக்கு அழகு, ஆனால் குற்றாலத்தில் கிழங்கின்றி உணவு என்று ஒருவர் தேடினால், தேடுபொறி பெரும்பாலும் எழுத்தைத் தேடுமேயன்றிப் படத்துக்குள் புகுந்து வாசித்து நம்மைக் காட்டும் என்று நம்பியிருக்க முடியாது. கைப்பேசியில் எடுத்த அருவிப் படங்களைச் சுருக்காமல் ஏற்றுவதும் கூடாது. மலையடிவாரத்தில் அலைவரிசை மெலிந்த இடத்தில் நிற்பவர்க்கு அப்பக்கம் திறக்கவே திறக்காது. நம் விருந்தினர் அதைத் திறப்பதே அங்கு நின்றுதான்.

பெயரைத் தமிழிலேயே பதியலாமா என்று ஒருவர் கேட்டார். 'டாட் இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள் கிடைக்கின்றன. தமிழாசிரியை என்ற முறையில் நமக்கு ஆசைதான். ஆயினும் செங்கோட்டை வழியே கேரளத்திலிருந்து வருவோர் குற்றாலத்தில் மிகுதி. அவர்களால் தமிழில் தட்டச்ச இயலாது. முதற்பெயர் உரோமன் எழுத்தில் இருக்கட்டும், தமிழ்ப் பெயரை அதனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பதே நம் கருத்து.

பிறரைக் கொண்டு செய்விப்பது எப்போது தகும்? பணம் கைமாறும் இடத்திலும், ஒரே அறையை ஒரே நாளில் இருவர் பதிந்துவிடாமல் காக்க வேண்டிய இடத்திலும் அறிந்தவரை அமர்த்துவதே அறிவுடைமை. அங்கே ஏற்படும் பிழைக்கு விருந்தினர் நள்ளிரவில் பெட்டியோடு வாசலில் நிற்பர். நேரமும் ஒரு காரணம். சாரல் காலமாகிய ஆனி முதல் ஆவணி வரை மருகனுக்கு உண்ணவும் பொழுதில்லை. அப்போது உட்கார்ந்து தளம் அமைக்கப் புகுந்தால் கடையில் ஆளிராது. பொழுதுபோகாத ஐப்பசி மழையில் செய்யலாம், அல்லது கூலிக்கு விடலாம். பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் தாமே செய்யத் தொடங்கி, பாதியில் கிடக்கும் தளங்களை நாம் நிரம்பக் கண்டிருக்கிறோம். 'விரைவில் வருகிறது' என்று மூன்று ஆண்டாய் எழுதியிருக்கும் பக்கம், பூட்டிய கடையினும் கேடானது.

செய்விப்பதெனில், தாளில் எழுதிச் செய்விக்க வேண்டும். கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே வட்டெழுத்தில், இன்ன ஊர் இன்னார் செய்வித்தது என்று பொறித்திருப்பதை வாசகர் பலர் கண்டிருப்பர். துறவியரும் இல்லறத்தாரும், ஆடவரும் பெண்டிரும் அவ்வாறு செய்வித்திருக்கின்றனர். உளி பிடித்தவர் வேறு, செய்வித்தவர் வேறு. எது யாருடையது என்பதைப் பாறையிலேயே எழுதி வைத்தார்கள். நமக்கு ஒரு தாள் போதும், ஆனால் அது வேண்டும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன்படி, கூலிக்கு எடுப்பித்த ஒளிப்படம், வேறு உடன்பாடு இல்லாதவரை, எடுப்பித்தவருக்கே உரியது. ஆனால் எழுத்தும் மென்பொருளும் அவ்வாறு அல்ல. நம் பணியாளர் அல்லாத ஒருவர் எழுதியதற்கு, பணம் கொடுத்திருப்பினும், அவரே முதல் உரிமையாளர். உரிமை நமக்கு வர எழுத்து மூலமான உடன்பாடு தேவை. அதிலும் காலம் குறிக்காவிடில் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்காவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ஆகவே உரிமை முழுதும், எக்காலத்துக்கும், எந்நாட்டுக்கும் என்று எழுதி இருவரும் கையொப்பமிடுக. நம்மிடம் வந்த அந்த இளைஞரிடம் பெற்றதோ பணம் பெற்றதற்கான ஒரு துண்டுச் சீட்டு. அதில் தேதிகூட இல்லை.

தளம் கைக்கு வரும் நாளில் ஒரு செயல்முறைத் தேர்வும் நடத்துங்கள். செய்தவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, உங்கள் கைப்பேசியிலிருந்து நீங்களே உள்ளே நுழைந்து, ஒரு வரியை மாற்றுங்கள். ஒரு படத்தை நீக்குங்கள். பக்கங்களின் நகல் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். இறுதியாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இவை நான்கும் முடிந்த பின்னரே மீதிப் பணம். இதற்கு முகம் சுளிப்பவரிடம் வேலையைக் கொடாதிருப்பது நலம். முகவரியில் தோன்றும் பூட்டுக் குறிக்கென ஆண்டுதோறும் பெருந்தொகை கேட்பாராயின், அச்சான்றிதழைக் கட்டணமின்றி வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் பொதுநல அமைப்பு 2015 முதல் உள்ளதே என்று மெல்லக் கேளுங்கள்.

மருகன் இறுதியில் இரண்டு வழியையும் கலந்து கொண்டார். புதுப் பெயரைத் தாமே பதிந்தார். அறைப்பதிவுப் பகுதியைத் தென்காசியில் வாழும் ஓர் இளம்பெண் அமைத்துத் தந்தார். உடன்பாட்டுத் தாளை அவரே கணிப்பொறியில் அடித்துக் கொண்டுவந்தது கண்டு மகிழ்ந்தோம். முகப்பில் 'இன்றைய அருவி' என்று ஒரு வரி உண்டு. அதை நாள்தோறும் காலை 6 மணிக்கு மருகனின் இல்லாள் மாற்றுகிறார். கடைத் திண்ணையில் நின்றபடி, ஐந்தருவிப் பக்கமிருந்து வரும் ஆட்டோக்காரரிடம் கேட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்குமுன் மாற்றி முடிக்கிறார். தடை இருந்தால் தடை என்றே எழுதுகிறார். அதனால் விருந்தினர் குறைந்த நாள்களும் உண்டு என்றார்; குறையட்டும் என்றும் அவரே சொன்னார்.

பழைய பெயர் திரும்பவில்லை. இரண்டு ஆண்டுக் காலம் 2024இன் இறுதியில் முடிந்தது, பதிந்தவர் புதுப்பிக்கவில்லை. அது 'டாட் காம்' பெயர். காலம் கடந்த அத்தகைய பெயரை, பதிவாளர் நீக்கிய பின்னும் 30 நாள் வரை பழைய பதிவுதாரர் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்கலாம். பதிவுதாரர் நாம் இல்லையே. நாளை எண்ணிக் காத்திருந்தோம். நமக்கு முன் யாரோ எடுத்துக்கொண்டனர். இப்போது அப்பெயரைத் தட்டினால், எங்கோ உள்ளவர் நடத்தும் சூதாட்ட விளம்பரம் வருகிறது. தேன்புட்டியே மேல் என்று தோன்றும்படி ஆயிற்று.

கடைப் பைகளில் அந்தப் பெயரைத்தான் அச்சிட்டிருந்தார்கள். சென்ற சாரலில் நாம் அங்குத் தங்கியிருந்தபோது, இரவில் கடை சாத்திய பின், புதுப்பெயர் அச்சிட்ட காகிதத் துண்டுகளைப் பழைய பெயரின் மேல் ஒட்டிக்கொண்டு அமர்ந்திருந்தோம். பேத்தி பசை தடவித் தந்தாள். இன்னும் நானூறு பைக்குமேல் மீதமிருக்கின்றன.